மிஷின் எண்ணெய்

ரொட்டி வண்டி கிளம்பிப் போன பிறகு தையலறையில் வெளிச்சம் கூடிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அந்த ஜன்னலுக்கு வெளியே வண்டியின் பக்கவாட்டுத் தகரம்தான் தெரிந்தது. பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தையற்காரி தைப்பாள். இன்றைக்கு அங்கே பக்கத்து வீட்டுச் சுவரும், கொடியில் காயும் இரண்டு துண்டுகளும், அதற்கு மேலே பெய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வானமும் தெரிந்தன. அவள் விளக்கை அணைத்தாள். ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல மறுபடியும் போட்டாள்.

பள்ளிக்கூடச் சட்டைகள் அறுபது. காலர் மட்டும் பாக்கி. அதை எடுத்து வைத்துக்கொண்டாளே தவிர, மிதிக்கட்டையில் கால் போகவில்லை. காது வாசலில் இருந்தது.

வண்டியில் போனவர்கள் இரண்டு பேர். அவள் கணவனும் அவனுடைய அப்பாவும். குன்றுக்கு அந்தப் பக்கம் வாகனங்களைச் சோதித்துச் சீட்டுக் கொடுக்கிற மைதானம் இருந்தது. சீட்டுக் கிடைத்தால் வண்டி மறுபடியும் ரோட்டில் ஓடலாம். அங்கே போக வேண்டுமென்றால் குன்றின் மேல் ஏறி, ஏழு வளைவு இறங்க வேண்டும். அந்த ஏழு வளைவையும் அவள் ராத்திரி படுக்கையில் எண்ணிப் பார்த்திருந்தாள்.

கணவன் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவன். தெருத் தெருவாக நடந்து, வீட்டு வீட்டுக்குப் பின்கட்டில் குனிந்து மீட்டரைப் பார்த்து எழுதுவது வேலை. ஊரில் யார் வீட்டுக் கொல்லையில் என்ன துருப்பிடித்துக் கிடக்கிறது என்பது அவனுக்கு அத்துப்படி. "அந்தக் கதவு உங்களுக்கு வேணுமா?" என்று கேட்பான். கூச்சப்படாமல் கேட்பான். அடைசலை எடுத்துப் போனால் சரி என்று கொடுத்துவிடுவார்கள். இப்படித்தான் ஒரு பல் மருத்துவர் வீட்டுக் கோழிக்கூண்டிலிருந்து முன் கண்ணாடிச் சட்டமும், ஒரு விதவையின் மொட்டை மாடியிலிருந்து ரேடியேட்டரும் வந்து சேர்ந்தன. கோழி எச்சத்தைச் சுரண்டிய அன்று அவன் முகத்திலிருந்த சந்தோஷத்தை அவள் தன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

அப்பா முப்பது வருஷம் அந்த வண்டியில் ரொட்டி ஏற்றிக் கடை கடையாகப் போட்டவர். பக்கவாதத்தில் கை விழுந்த பிறகுதான் இறங்கினார். வலது கை இன்னும் சரியாக மடங்குவதில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. ஜன்னலையொட்டிய கொட்டகையில் ரொட்டி வண்டிக்குப் பின்னால் அவனுடைய அம்மா ஓட்டிய மொபெட் ஒன்று சாக்கு போர்த்திக் கிடந்தது. அதற்கும் பின்னால் தாத்தாவின் சைக்கிள், சக்கரமில்லாமல்.

"முதல்ல வண்டி, அப்புறம் மொபெட், அப்புறம் சைக்கிள். மூணும் வாசல்ல வரிசையா நிக்கணும். ஒரு நாள் நின்னாப் போதும்" என்பான் கணவன்.

"நின்னா?"

"நின்னாப் பாக்கலாம்ல."

இதற்கு மேல் அவனிடம் காரணம் கிடையாது. அவளும் கேட்டதில்லை. அவளிடம் இருந்ததெல்லாம் பயம். வண்டிக்கு அடியில் அவன் படுத்திருக்கும்போது ஜாக்கி நழுவிவிடும் என்று பயம். பெட்ரோல் டாங்கியில் ஒட்டு வைத்தபோது வெடித்துவிடும் என்று பயம். கால் மணிக்கு ஒரு தரம் ஜன்னலைத் திறந்து, "இருக்கீங்களா?" என்பாள். அடியிலிருந்து ஸ்பானரால் தகரத்தில் இரண்டு தட்டு வரும். அதுதான் பதில். ஒரே ஒரு தட்டு வந்த நாளில் அவள் துணியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். ஸ்பானர் கைநழுவிவிட்டதாம்.

அந்த வண்டி கிளம்பவே கூடாது என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டதும் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

*

ஒன்பது மணிக்கு மிஷின் கீச்சிட்டது. எண்ணெய் கேட்கிறது. அவள் ஜன்னல் விளிம்பிலிருந்த பாட்டிலை எட்டி எடுத்தாள். எடுத்த கை அந்தரத்தில் நின்றது. பாட்டில் கனக்கவில்லை.

அந்த வீட்டில் எந்தப் பாட்டிலுக்குள்ளும் அதன் மேல் எழுதியிருப்பது இருக்காது. பழரசப் பாட்டிலில் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீர். ஷாம்பு டப்பாவில் பசை. மருந்துப் பாட்டிலில் மண்ணெண்ணெய். எதையும் தூக்கிப் போடுவதில்லை, எதையும் டப்பாவோடு வாங்குவதுமில்லை. அதற்காக இரண்டு சட்டம் வைத்திருந்தாள். மோந்து பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது. திறந்த பாட்டில் முடியாமல் புதுப் பாட்டிலைத் திறக்கக் கூடாது. இரண்டையும் அவன் தவறாமல் கடைப்பிடித்தான். ஒரு வாரமாக அவனுக்குச் சளி. மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு திரிந்தான்.

போன மாதம் பிரேக் எண்ணெய்ப் பாட்டில் ஒன்று காலியானது. மூக்கு நீளமான நல்ல பாட்டில், சொட்டுச் சொட்டாக விழும். அவள் அதை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்து, மிஷினுக்கு வாங்கிய சில்லறை எண்ணெயைத் தோள்வரை நிரப்பினாள். மேலே ஒட்டியிருந்த காகிதம் மட்டும் உரிய மறுத்தது. அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவன் வேலைக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது வேறு பேச்சு.

தோள்வரை நின்ற எண்ணெய் இப்போது அடியில் இரண்டு விரல் உயரம்.

அவள் கொட்டகைக்குப் போனாள். காலியான இடத்தில் எண்ணெய்க் கறை வண்டியின் அளவுக்கே கிடந்தது. பலகையில் புது பிரேக் எண்ணெய்ப் பாட்டில் நின்றது. மூடியின் சீல் உடையவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அவள்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தருகே படுத்து, காற்று வெளியேறும் திருகைத் திறந்து மூட வேண்டும்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

"விடு. இன்னும் ஒரு தரம். மிதி."

நடுவில் எழுந்து, ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டு எதையோ எடுத்தான். அவள் இருக்கையிலிருந்து முதுகைத்தான் பார்த்தாள். மேலே பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தில் ஊற்றினான். மறுபடியும் படுத்தான். நாலு சக்கரத்துக்கும் அவள் மிதித்தாள். தன் எண்ணெயைத் தன் காலாலேயே.

பிரேக்குக்கு ரப்பர் மாற்றிக் கொடுத்த மெக்கானிக் அன்றைக்குச் சொன்னது அவளுக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது. "இந்த ரப்பருக்கு பிரேக் ஆயில் மட்டும்தான். வேற எண்ணெய் பட்டா உப்பிப் போயிடும். பிடிச்சா விடாது, விட்டா பிடிக்காது."

காலையில் கிளம்பும்போது அவன் பெடலை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "எவ்ளோ இறுக்கமா இருக்கு பாரு. புது வண்டியில கூட இப்படி இருக்காது."

*

அவள் அவனுக்குப் போன் போட்டாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள். எடுக்கமாட்டான். ஓட்டும்போது போனைத் தொடுவதில்லை என்று நேற்று ராத்திரி அவன் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியவள் அவள்தான். ஆறாவது தரம் மணி ஓய்ந்ததும் பாட்டிலைக் கையில் பிடித்தபடி செருப்பில்லாமல் தெருவில் இறங்கினாள்.

மெக்கானிக்குக் கடைத்தெருவில் 'அப்புறம்' என்று பேர். எந்த வண்டியைக் கொண்டுபோனாலும், "விட்டுட்டுப் போ, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். விட்டுவிட்டுப் போன வண்டிகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, சட்டை தச்சாச்சா? அந்தப் பாக்கெட்டை மட்டும் கொஞ்சம்..."

"அண்ணே, இதை மோந்து பாருங்க."

மோந்தார். "இது மிஷின் எண்ணெய்ல."

"நேத்து வண்டிக்கு இதைத்தான் ஊத்தியிருக்காரு. நாலு சக்கரத்துக்கும்."

'அப்புறம்' என்ற வார்த்தை வருமென்று அவள் காத்திருந்தாள். வந்திருந்தால் தேவலை. அவர் நனைத்த ரொட்டியை அப்படியே டம்ளருக்குள் விட்டுவிட்டு எழுந்தார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பினாங்க?"

"எட்டேகால்."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்து. அவர் தன் சின்ன லாரியின் சாவியைத் துழாவினார். "ஏறு."

மர டிப்போவையும் ரயில் கேட்டையும் தாண்டினார்கள். தூறல் விழுந்தது. எதிரில் வரும் ஒவ்வொரு வண்டிக்காரன் முகத்தையும் அவள் பார்த்தாள். விபத்தைப் பார்த்துவிட்டு வருகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லா முகமும் அப்படித்தான் இருந்தது.

"எவ்ளோ நேரம் தாங்கும் அண்ணே?"

"சொல்ல முடியாதும்மா."

"நீங்க சொல்லுங்க."

"ராத்திரி பூரா ஊறியிருக்கு. இந்நேரம் உப்பியிருக்கும். ஏறும்போதே பிடிச்சு இழுக்கும். சக்கரம் சூடாகும். சூடானா நின்னு பாக்கணும்."

"நின்னு பாக்கலேன்னா?"

அவர் கியரை மாற்றினார்.

"அண்ணே."

"உன் வீட்டுக்காரன் பாப்பான். பாக்குறதுக்குன்னே பொறந்தவன்தான் அவன்."

"அவருக்கு மூக்கு அடைச்சிருக்கு. புகைஞ்சாக்கூடத் தெரியாது."

"அப்பா கூட இருக்காருல்ல?"

"மாமா பேசமாட்டாரே."

ஏற்றம் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையடித்த கட்டைகள். ஒரு கட்டை உடைந்திருந்தது. "அண்ணே, நிறுத்துங்க" என்றாள். அவர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார். உடைந்த இடத்தில் பாசி பிடித்திருந்தது. "அது பழசும்மா" என்றார். அதற்கு அப்புறம் அவள் கட்டைகளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வேண்டிக்கொண்டதுதான் இது என்று ஒரு குரல் அவளுக்குள் சொல்லிக்கொண்டே வந்தது. கிளம்பக் கூடாது என்றுதான் வேண்டினாள். இப்படி வேண்டவில்லை. வேண்டுதலைக் கேட்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா?

*

குன்றின் உச்சியில் பார வண்டிகள் ஓய்வெடுக்க ஒதுக்கிய மண் தரை இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி ரோடு சட்டென்று கீழே விழும். ரொட்டி வண்டி அந்த மண் தரையின் ஓரத்தில் நின்றது. முன்சக்கரத்திலிருந்து வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது. அவன் கையில் காலி வாளி. பெரியவர் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

உயிரோடு இருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்குள் அவன் வாளியைப் பின்னால் எறிந்துவிட்டு ஏறி உட்கார்வது தெரிந்தது. இஞ்சின் உறுமியது. ஆறிவிட்டது, போகலாம் என்று நினைத்துவிட்டான்.

'அப்புறம்' ஹார்னை அழுத்தினார். அது பல நாளாக வேலை செய்யவில்லை.

லாரி நிற்பதற்குள் அவள் குதித்தாள். ஈர மண்ணில் வழுக்கி, எழுந்து, கையை ஆட்டிக்கொண்டு ஓடி வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். வண்டி அப்போது நகரத் தொடங்கியிருந்தது. மெதுவாகத்தான் வந்தது, நடக்கிற வேகம். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் முதலில் ஆச்சரியப்பட்டது. பிறகு அவன் உடம்பு முன்னால் குனிந்தது. மிதிக்கிறான். வண்டி நிற்கவில்லை. மறுபடியும் மிதித்தான். அவன் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோவதை அவள் பார்த்தாள். நகர வேண்டும் என்று தோன்றியது. கால் கேட்கவில்லை.

பெரியவர் இடது கையை நீட்டி, இரண்டு இருக்கைக்கும் நடுவிலிருந்த ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தார். பின்சக்கரங்கள் மண்ணில் உரசின. வண்டி அவள் வயிற்றுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இஞ்சின் ஒரு தரம் தும்மி அணைந்தது.

ரேடியேட்டரின் சூடு அவள் சேலையில் பட்டது.

"அப்பாவை விடச் சொல்லாதே," என்று 'அப்புறம்' ஓடி வந்தார். "பிடிச்சுக்கிட்டே இருங்கய்யா. அப்படியே."

கணவன் இறங்கி வந்தான். வாய் திறந்திருந்தது, சளியால் மட்டுமில்லை. "பெடல் உள்ள போயிடுச்சு," என்றான். "அடிவரைக்கும் போயிடுச்சு. காலையில அவ்ளோ நல்லா இருந்துச்சு."

அவள் பாட்டிலை நீட்டினாள். "இது என் மிஷின் எண்ணெய்."

அவன் வாங்கினான். காகிதத்தைப் படித்தான். மூக்கருகே கொண்டுபோனான். மூக்கு உறிஞ்சியது, ஒன்றும் எட்டவில்லை. புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தான்.

"திறந்து இருந்துச்சு," என்றான். "அதான் முடிச்சுடலாம்னு."

"நான் சொல்லியிருக்கணும்."

"நான் மோந்து பாத்தேன். அடைச்சிருந்துச்சு. சரி, நம்ம பாட்டில்தானேன்னு..."

"ரெண்டு பேரும் வீட்டுல போய் மாத்தி மாத்திக் கும்பிட்டுக்கங்க," என்றார் 'அப்புறம்'. சக்கரத்தருகே குந்தி, விரல் நுனியால் தொட்டு, வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "ஏன்டா, இப்படி அடுப்பு மாதிரி கொதிக்குது, ஏறும்போது ஒண்ணுமே தெரியலையா?"

"வண்டி திணறுச்சுண்ணே. இஞ்சின் பழசு, ஏத்தம் ஏறலைன்னு நினைச்சேன். அப்பாதான் இழுக்குது இழுக்குதுன்னு மூணு தரம் சொன்னாரு."

"அவரு முப்பது வருஷத்துல மொத்தமே மூணு தரம்தான் பேசியிருப்பாரு. அப்பவாவது கேட்டிருக்கலாம்ல?"

பெரியவர் சிரிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. அவள் கதவைத் திறந்து, "விடுங்க மாமா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள். அவருடைய விரல்களுக்கு மேலேயே தன் விரல்களை வைத்து அழுத்தினாள். அவர் ஒவ்வொரு விரலாக உருவிக்கொண்டார்.

"ஹேண்ட்பிரேக்குல பல்லு தேஞ்சிருக்கு," என்றார். "தானா நிக்காது. பிடிச்சுக்கிட்டே இருக்கணும்."

*

வண்டியை அங்கே விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் அவள் சொன்னாள். மெக்கானிக் ஒப்பவில்லை. ராத்திரிக்குள் சக்கரம், கதவு, கண்ணாடி எதுவும் மிஞ்சாது என்றார். அவரிடம் கயிறும் இருந்தது, இரும்புக் குழாயும் இருந்தது.

"கயிறு ஏத்தத்துக்குத்தான். இறக்கத்துல வண்டி வந்து என் முதுகுல ஏறும். குழாயை மாட்டுறேன். அதையும் முழுசா நம்ப முடியாது. ஒருத்தர் ஹேண்ட்பிரேக்கைப் பிடிச்சு ஏத்தி இறக்கிக்கிட்டே வரணும்."

"நான் பிடிச்சுக்கிறேன்," என்றான் கணவன்.

"இஞ்சின் இல்லாம ஸ்டீயரிங் ஒத்தைக் கையில திரும்புமா? உனக்கு ரெண்டு கையும் அங்க வேணும். ஐயா என்கூட வரட்டும். அவருக்கு முடியாது."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வண்டி நகரும்போது அவள் அதற்குள் இருப்பது இதுதான் முதல் தரம். குழாய் ஒரு தரம் இழுத்து, கடகடவென்று ஆடி, வண்டி நகர்ந்தது. இறக்கம் வந்ததும் எடை முழுக்கக் கைக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் அவள் பயந்தது ஒரு தகரப் பெட்டிக்கு. இப்போதுதான் அது எவ்வளவு பாரம் என்று தெரிந்தது. விட்டால் போய்விடும். மிகவும் இழுத்தால் பின்சக்கரம் சுற்றாமல் கட்டிக்கொண்டு ஈர ரோட்டில் வண்டி குறுக்கே திரும்பும். குழாய் லாரியை முட்டித் தள்ளும்போது லீவரை இழுக்க வேண்டும், வண்டியை முன்னால் இழுக்கும்போது கொஞ்சம் விட வேண்டும். தைக்கும்போது துணியைப் பிடிப்பது போலத்தான். ஆனால் துணி யாரையும் கொல்லாது.

"கொஞ்சம் விடு," என்றான் அவன். "போதும். இழு. இழு."

"நீங்க ரோட்டைப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என்னைப் பாக்குறீங்க."

பாறைப் பக்கமாக ஒரு வளைவு திரும்பியது. அவன் தோள் இரண்டும் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டின. கண்ணாடியில் தூறல் வழிந்தது. துடைப்பானுக்கு இன்னும் ரப்பர் கிடைக்கவில்லை.

"வித்துடலாம்," என்றான் அவன்.

அவன் வண்டியைப் பழுது பார்க்கத் தொடங்கியதிலிருந்து நாலு வருஷமாக அவன் வாயிலிருந்து அவள் எதிர்பார்த்த வார்த்தை. காதில் விழுந்தது, ஆனால் அதை வாங்கி வைத்துக்கொள்ள அவளிடம் கை இல்லை.

"நிஜமாத்தான் சொல்றேன். பழைய இரும்புக்குப் போட்டுடலாம். நீ முன்னாடி வந்து நின்னப்ப..."

"இப்பப் பேசாதீங்க."

"கால் உள்ள போயிடுச்சு. நீ நிக்குற. நகரவே இல்ல நீ."

"இழுக்கவா?"

"ஆங், இழு. நல்லா இழு."

இழுத்தாள். உள்ளங்கைத் தோல் ஒரு இடத்தில் வழன்றது. எரிச்சல் பிறகுதான் வந்தது.

சமதரைக்கு வந்த பிறகும் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ரயில் கேட்டருகே நின்றபோது மட்டும், "எல்லா ரப்பரும் திரும்ப மாத்தணும், குழாய் பூரா கழுவணும்" என்று தனக்குள் முணுமுணுத்தான். அவள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

தெருவில் நுழைந்தார்கள். தெரு கொஞ்சம் சரிவு. மழை நின்று, வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். "என்னப்பா, போனது ஓட்டிக்கிட்டு, வர்றது கோத்துக்கிட்டா?" என்று யாரோ கேட்டார்கள். வீட்டு வாசலில் 'அப்புறம்' இறங்கி வந்து குழாயைக் கழற்றினார். லாரி முன்னால் நகர்ந்து நின்றது. பெரியவர் அதிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"வந்தாச்சு," என்றான் கணவன். "விடு."

அவள் விடவில்லை.

"வீடு வந்துடுச்சு. விட்டுடு."

"முதல்ல சக்கரத்துக்குக் கல்லு வைங்க."

"கியர்ல போட்டிருக்கேன். எங்கேயும் போகாது."

"கல்லு வைங்க."

அவன் இறங்கினான். தெருவோரம் தேடி ஒரு கல்லைத் தூக்கி வந்து முன்சக்கரத்தடியில் வைத்தான். அண்ணாந்து அவளைப் பார்த்தான்.

"இன்னொண்ணு," என்றாள். "அந்தப் பக்கமும்."

அவன் இன்னொரு கல் தேடிப் போனான். சாக்கடை மூடியருகே குனிந்து ஒன்றைப் புரட்டினான். சின்னது என்று விட்டுவிட்டு, வேறொன்றை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்தான். வைத்து, காலால் உதைத்து இறுக்கினான். வெளியிலிருந்து தகரத்தை இரண்டு தரம் தட்டினான்.

அவள் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினாள். வண்டி ஓர் அங்குலம் அசைந்து, கல்லின் மேல் சாய்ந்து, முனகிக்கொண்டு நின்றது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் லீவரைப் பிடித்தபடியே மடங்கியிருந்தன. விரிக்கப் பார்த்தாள். விரியவில்லை.